முக்கால் மணி நேரம்

ரூவியில், பணம் அனுப்பும் கடைக்கு மேல்மாடியில்
எங்கள் தோல் கிளினிக்.
வலி வந்து சேர முக்கால் மணி நேரம் முன்பே
கதவைச் சாத்தி வைப்பது என் வேலை.

வெள்ளைக் களிம்பு, ஒரு சுண்டைக்காய் அளவு.
பூசி, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி
நேரத்தைத் தாளிலேயே பேனாவால் எழுதுவேன்.
மோவாய் முடிக்கு லேசர் வைக்க வரும் ஷம்ஸா மேடம்
தாள் ஒட்டிய முகத்தோடு
மகனுக்குப் போனில் வாய்ப்பாடு கேட்பார்.
பிறகு கிள்ளிப் பார்ப்பேன்.
"யாரைக் கிள்ளுகிறாய்?" என்பார்.
இருவரும் சிரிப்போம்.

செங்கோடன் வந்தது ஒரு வியாழன் மாலை.
வாதி கபீரில் பளிங்கு அறுக்கும் பட்டறை.
காதுமடலில் இன்னும் வெள்ளைத் தூள்.
வலது கட்டைவிரல் நுனியில்
மிளகை ஒட்டி வைத்ததுபோல் நான்கு மரு.
"வலிக்கிறதா?"
"வலியெல்லாம் இல்லீங்க. மெஷினுக்குத்தான் என்னைத் தெரியல."
பட்டறை வாசலில் விரல் வைக்கிற பெட்டி.
ஆறு நாளாக அது ஒரு பெண்குரலில்
ப்ளீஸ் ட்ரை அகெய்ன் என்கிறதாம்.
ஆறு நாளும் கல் அறுத்திருக்கிறான்.
ஆறு நாளும் அவன் வரவில்லை.

களிம்புக்கு நான்கு ரியால் தனி என்றேன்.
உதட்டுக்குள் எதையோ கூட்டிக் கழித்து
"வைங்க" என்றான்.

முக்கால் மணி. கிள்ளினேன்.
"தெரியுதுங்க."
இன்னொரு பூச்சு, இன்னும் அரை மணி.
"தெரியுதுங்க."
தப்புச் செய்தவன் குரல்.

பயிற்சியில் சொல்லித்தான் தந்தார்கள்.
இமை, கன்னம், கழுத்து எல்லாம் சீக்கிரம் குடிக்கும்.
உள்ளங்கை குடிக்காது, குதிகால் குடிக்காது.
தோல் தடித்தவனுக்கு உறைக்காது என்று
எத்தனை பேரை ஏசியிருக்கிறேன்.
உறைப்பதெல்லாம் உறைக்கிறது.
மருந்துதான் உள்ளே போவதில்லை.

பதினோரு வருடக் கல்லும் தண்ணீரும்
அந்த விரலைச் சாத்தி வைத்திருந்தன.
நான்கு ரியால் களிம்பு அதன் வாசலில் நின்று
பெட்டி முன் அவன் நின்றதுபோல
வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

டாக்டர் வந்தார். ஊசிதான் என்றார்.
விரலின் அடியில் இந்தப் பக்கம் ஒன்று,
அந்தப் பக்கம் ஒன்று.
அவன் இடது கை மேசை விளிம்பைத் தேடியது.
விளிம்புக்குப் பதில் என் கையைக் கொடுத்தேன்.
பிடித்தான்.
எனக்குத் தெரியவில்லை.

கையுறை எங்கோ கிழிந்திருக்கிறது.
சோப்பும் ஸ்பிரிட்டும் தேய்த்து மெலிந்த
என் ஆள்காட்டி விரலும் நடுவிரலும்
அவனுடையதைக் குடித்துவிட்டிருந்தன.
நகக்கண் வெளுத்ததைக் கண்ணால் பார்த்துத்தான்
அவன் எவ்வளவு இறுக்குகிறான் என்று அறிந்தேன்.

லேசர் மூன்று நிமிடம். கருகிய முடி வாசம்.
பில்லில் அந்த நான்கு ரியாலை விட்டுவிட நினைத்தேன்.
விடவில்லை.
மாதக் கடைசியில் ட்யூப் கணக்கு என் தலையில்.

இரவு கீழே கரக் டீ.
கப் சுடுவது விரலுக்குத் தெரியாமல்
வாய்வரை கொண்டுபோய்விட்டேன்.
உதடு சொன்னது.

பத்து நாள் கழித்துக் கட்டுப் பிரிக்க வந்தான்.
மரு இருந்த இடம் இளஞ்சிவப்பாய், பளபளப்பாய்,
ஒரு ரேகைகூட இல்லாமல்.
"மெஷின் இப்ப என்ன சொல்லுது?"
"இடது கை மோதிர விரலைப் பதிஞ்சிட்டாங்க.
ரெண்டு நிமிஷ வேலை. தேங்க்யூங்குது."
"அந்த ஆறு நாள்?"

அவன் கட்டைவிரலை ஆள்காட்டி விரலோடு
மெல்ல ஒட்டி எடுத்தான். ஒட்டி எடுத்தான்.
"காத்து பட்டாக்கூடத் தெரியுதுங்க."

இப்போது பூசினால் இறங்கும்.
சொல்லவில்லை.
போகும்போது
கதவை முழங்கையால் தள்ளித் திறந்தான்.